உட்புறம் தாழில்லாத கதவு

ஆடிப் பெருக்கில் கரைதொட்டு ஓடிய கொள்ளிடத்தின் மீது அந்திச் சூரியன் குங்குமத்தை வாரி இறைத்துவிட்டு மறைந்துகொண்டிருக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி நடு ஆற்றில் நின்ற நீராழி மாளிகையின் கருங்கற் படிகளில் வெள்ளொளியைப் பரப்பத் தொடங்கியது. அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாசக அன்பர்களே, இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று நாற்பது நாட்களாக இதே காட்சியைக் கண்டவள் இளவரசி வானவி. அவளுக்கு நிலவும் கசந்தது, நதியும் கசந்தது.

அவள் தந்தையை வஞ்சகமாகக் கொன்று நாட்டைக் கவர்ந்த தண்டநாயகன் மாறையன்தான் அவளை இங்கே அடைத்தவன். சென்ற திங்களில் அவளுடைய வீரர்கள் பழைய கதவை உடைத்து அவளை மீட்க முயன்று மாண்டார்கள். ஆகவே, பிடித்து வந்த ஒரு தச்சனைக் கொண்டு புதுக்கதவு செய்வித்தான் மாறையன். கதவு நின்ற மறுநாள் காலையில் வானவி அவனை மணக்க வேண்டும். தச்சன் சாத்தனின் வலக்கை வெட்டப்படும், வேறு எவருக்கும் அவன் இப்படியொரு கதவைச் செய்துவிடாதபடி.

இதெல்லாம் தெரிந்தும் அந்த மனிதன் உளியும் இழைப்புளியுமாக மாடுபோல் உழைத்தான்! வைரம் பாய்ந்த வேங்கைப் பலகைகளை நான்கு விரற்கடை கனத்தில் இழைத்துப் பொருத்தினான். கதவைத் தூக்கி நிறுத்த வெளிப்படிகளில் பெரிய மூங்கில் சாரமும் கட்டினான். வானவிக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

படகைக் கரைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, நான்கு காவலருடன் மாளிகைக்குள் வந்தான் மாறையன். இளவரசிக்குப் படகு எட்டிவிடக் கூடாதென்ற எச்சரிக்கை அது.

"உட்புறம் தாழ் வைக்கவில்லையே, தச்சனே?"

"தங்கள் கட்டளைப்படி வளையமும் குறுக்கே போடும் கணைய மரமும் வெளிப்புறம் மட்டுமே, பிரபு. எறும்பு நுழையவும் இடைவெளி விடவில்லை."

"வெட்டப்போகிற கைக்கு என்ன விசுவாசம்!" என்றாள் வானவி.

தச்சன் வெளியே சென்று கதவைச் சாத்திக் கணையமிட்டான். நான்கு காவலரும் உள்ளிருந்து தோள் கொடுத்து மோதினார்கள். கதவு முனகக்கூட இல்லை. மாறையன் வாய்விட்டுச் சிரித்தான்.

கதவைத் திறந்த தச்சன் வெளியே நின்றபடியே கைகூப்பினான். "ஒரு சடங்கு பாக்கி, பிரபு. புதுக்கதவைச் சாத்தித் திறந்ததும் மனைக்குரிய கன்னிப்பெண் முதலில் படி தாண்டி, ஆற்று நீர் முகந்து வந்து நிலையில் தெளிக்க வேண்டும். அதற்குமுன் உள்ளிருக்கும் ஆண்மகன் தாண்டினால் அவனுக்கு அவ்வருடமே ஆயுள் முடியும் என்பார்கள்."

போர்க்களத்தில் யானைக்கு அஞ்சாத மாறையன் சகுனத்துக்கு நடுங்குகிறவன். வெள்ளத்தையும் படகில்லாத துறையையும் பார்த்துக்கொண்டான். எங்கே போய்விடுவாள்?

"சீக்கிரம் ஆகட்டும்" என்று சொல்லி, நிலைப்படியிலிருந்து நான்கடி பின்னால் நகர்ந்து நின்றான்.

வானவி குடத்துடன் படி தாண்டினாள். நாற்பது நாட்களுக்குப் பிறகு முகத்தில் காற்று பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் கணத்தில் முதுகுப்புறம் வேங்கைக் கதவு தடாலென்று மூடியது. கணையம் விழுந்தது.

"குடத்தை எறிந்துவிடுங்கள், தேவி!" என்ற தச்சன் சாரத்தின் ஒரே முடிச்சை உருவினான். மூங்கில் கட்டு அப்படியே மடங்கி நீரில் சாய்ந்து தெப்பமாக மிதந்தது. "நான் பிடிபட்டவன் அல்லன், பிடிபட வந்தவன். சாத்தன் என்ற பெயரும் பொய். தங்கள் தந்தையாருக்கு மரக்கலங்கள் கட்டிய கூத்தன் எழுவன் நான்."

உள்ளே ஐந்து ஆண்பிள்ளைகள் மோதினார்கள். அந்தக் கதவின் உறுதியை மாறையன் சற்றுமுன்தான் சோதித்துப் பார்த்திருந்தான்.

இருவரையும் சுமந்து தெப்பம் வெள்ளத்தோடு விரைந்தது. துடுப்பு பிடித்த அந்த வலக்கையின் மீது வானவி தன் கையை வைத்தாள்.

"உம்மை வெறுத்தேன். மன்னிக்க வேண்டும்."

"வெறுக்கும்படிதானே வேலை செய்தேன், தேவி."

"என் தந்தையின் அரண்மனையை மீட்டதும் எனக்கு ஒரு கதவு செய்து தரவேண்டும்."

"எப்படிப்பட்ட கதவு?"

"தாழ் உள்ளே இருக்கட்டும். நான் அதைப் போடும்போது என்னுடன் நீரும் உள்ளே இருக்க வேண்டும். இது இந்தக் கொள்ளிடத்தின் மீது ஆணை!"