கொடியில் காயாத சேலை

கொடியில் தொங்கிய சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. பரிசலை விட்டு இறங்கிய தனுஷ்கோடி, பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றான். முந்தானை ஓரத்தில் கரித்துண்டு விழுந்து பொசுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்குத் தேய்த்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று அவனே போட்ட ஓட்டை. அந்தச் சேலையைப் பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கொடியில் மறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த துணி இந்நேரம் நூல் நூலாகப் போயிருக்க வேண்டும். இது இப்போதுதான் அலசிப் போட்டது போல இருந்தது. சோப்பு வாசனைகூட வந்தது.

"வெள்ளத்தாயி, இதப் பாத்தியா?"

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் படியேறி வீட்டுக்குள் போனாள். ஐந்து மாதமாக எதைக் காட்டினாலும் அவளிடமிருந்து அவ்வளவுதான் கிடைத்தது.

தனுஷ்கோடி ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவன். பிளவக்கல் தாண்டி, மலையடிவாரத்தில், முதலாளி குடும்பத்துக்கு ஒரு தோப்பு இருந்தது. ஓடையை மறித்துத் தண்ணீர் தேக்கியபோது தோப்பு முங்கிப்போய், நடுவில் பாறைமேடாக ஒரு கரடும் அதன் மேலிருந்த ஓட்டு வீடும் மட்டும் மிஞ்சின. சுற்றிலும் தண்ணீர். நாலு தென்னை, ஒரு மாமரம். எண்பத்து நாலில் தனுஷ்கோடிக்குக் கல்யாணம் ஆனபோது, "ரெண்டு பேரும் மூணு நாள் இருந்துட்டு வாங்கப்பா" என்று முதலாளி சாவியைக் கொடுத்தார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வழியில்லாதவனுக்கு அது பெரிய யோகம். புதுமாப்பிள்ளை அந்தமானுக்குப் போறாராம் என்று தெருவே கேலி பேசியது. பேசட்டுமே! அந்த முதல் இரண்டு நாளைப் போல ஒரு நாள் அவனுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

அங்கே காவலுக்கு இருந்தவர் சமுத்திரம். சமைத்துப் போட்டவள் அவர் மனைவி மாடத்தி. மாங்காய் போட்டு அவள் வைத்த கெண்டைமீன் குழம்பை வெள்ளத்தாய் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அக்கா அக்கா என்று அடுப்படியே கதியாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் விறகு எடுக்கப் போன மாடத்தியைப் பாம்பு கடித்தது. பரிசலைத் தண்ணீரில் தள்ளுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் இங்கே இருக்க வேண்டாம், கிளம்புங்கள் என்று யாரோ சொன்னார்கள். கிளம்பும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. போயிட்டு வாரேன் என்று சொன்னால் மறுபடி வருவேன் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், பத்தொன்பது வயது வெள்ளத்தாய்க்கும் தெரியும். ஆனாலும் அழுத அழுகையில், மாடத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டாள். ஒப்பாரி சட்டென்று நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தனுஷ்கோடி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பரிசலில் ஏற்றினான். அந்த அவசரத்தில்தான் சேலை கொடியிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் மாரீஸ்வரி பிறந்தாள். ஒன்பது வயதுவரை இருந்தாள்.

பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போறேம்மா" என்று கத்திவிட்டு ஓடுவது அவள் வழக்கம். "போறேன்னு சொல்லாதட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று வெள்ளத்தாய் விரட்டுவாள். தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போவாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வெள்ளத்தாய் குழாயடியில் குடத்தோடு நின்றாள். மகள் "போறேம்மா" என்றது காதில் விழுந்தது. விரட்டவில்லை, நகர்ந்தால் வரிசை போய்விடும். தென்காசி ரோட்டில் ஒரு லாரி வந்தது. பிள்ளையின் காலில் கிடந்த ரப்பர் செருப்பில் ஒன்று கிடைத்தது. இன்னொன்று, வார் அறுந்து முந்தின ராத்திரிதான் தனுஷ்கோடி ஊக்குக் குத்திக் கொடுத்தது, அது கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்றோடு வெள்ளத்தாய் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். இடம் மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். அவள் வாய்விட்டுச் சிரித்த இடம் என்று தனுஷ்கோடிக்குத் தெரிந்தது இந்த ஒரு கரடுதான். அவளைப் பேச வைத்து, பழைய வெள்ளத்தாயாக வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

சமுத்திரம் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்தார். ஆள் வற்றிப்போயிருந்தார். இவர்கள் வருவதாக அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கரையில் நின்று சத்தம் கொடுத்தால் வருவார் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் இவர்கள் கரைக்குப் போனபோது அவர் பரிசலோடு காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சேலைய யாரு தொவச்சது?"

"மாடத்திதான். தெனமும் தொவச்சுப் போடுதா, தம்பி. என்ன செஞ்சும் காயவே மாட்டேங்கு."

மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னார். தனியாகக் கிடந்து மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தனுஷ்கோடி நினைத்தான். சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டிலும் ஐந்து மாதமாக வெள்ளத்தாய் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள்.

உள்ளே கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பாய் விரித்து, தட்டுகளும் வைத்தாகிவிட்டது. பெரிய தட்டு இரண்டு. பக்கத்தில் சின்னதாக ஒன்று.

"சின்னத் தட்டு யாருக்கு?"

"மூணு பேருன்னு சொன்னா."

"நாங்க ரெண்டு பேருதான வந்திருக்கோம்?"

சமுத்திரம் வெள்ளத்தாயைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அதில் ஒன்றும் அதிசயம் இருந்ததாகத் தெரியவில்லை. தனுஷ்கோடி சமுத்திரத்தையே பார்த்தான். மாரீஸ்வரி பிறந்ததும் இவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

சாப்பாடு ஆனதும் வெள்ளத்தாய் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சின்னத் தட்டு சோறு போட்டபடியே இருந்தது. சமுத்திரம் மாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். தனுஷ்கோடி பாயில் சாய்ந்தான். இலை அசையாத மத்தியானம். ஓட்டின் சூடு தலைக்கு மேல் இறங்க, நாலாபக்கமும் தண்ணீர் கல்லில் மெதுவாக மோதி மோதித் திரும்ப, வெளியே சேலையின் சொட்டு ஒரே கணக்காக மண்ணில் விழ, மாங்காயும் மீனும் கொதிக்கிற பழைய வாசனை கதவு இடுக்கு வழியாக நுழைந்து பாய்வரைக்கும் ஊர்ந்து வந்தது. அவன் கண்ணை மூடியபடி அதை மோந்துகொண்டிருந்தான். பிறகுதான் உறைத்தது. மத்தியானம் அவர்கள் சாப்பிட்டது வெறும் ரசமும் துவையலும்.

அடுப்படியில் பேச்சுக் குரல் கேட்டது.

வெள்ளத்தாயின் குரல்! எழுந்து உட்கார்ந்தான். பேசுகிறாள், ஐந்து மாதத்துக்குப் பிறகு பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று தெளிவாகக் கேட்கவில்லை. கொஞ்சம் பேசினாள், நிறுத்தினாள். ம் என்றாள். மறுபடி நிறுத்தினாள். எதிராளி பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். சமுத்திரம் மாமரத்தடியில்தான் இருந்தார்.

அடுப்படிக் கதவைத் தள்ளினான். வெள்ளத்தாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. சாம்பல்கூட இல்லை. அவளுக்கு எதிரே ஒரு பலகை கிடந்தது. பலகை ஈரமாக இருந்தது.

"யாருகிட்டட்டி பேசுத?"

"அக்காகிட்ட." முகம் தெளிந்திருந்தது. கல்யாணத்தன்று இருந்த முகம். "நான் சொன்னபடி வந்துட்டேனாம். அக்காவுக்கு ரொம்பச் சந்தோசம். நம்ம பிள்ளையப் பத்திக் கேட்டேங்க."

"வெள்ளத்தாயி..."

"வாரேன்னு சொல்லிட்டுப் போனவுக வந்திருவாகளாம். நம்ம பிள்ள போறேன்னுல்லா சொல்லிருச்சு. அந்தச் சொல்ல வேற யாராவது வாங்கிக்கிடணுமாம். ஒருத்தர் போறேன்னு சொல்லிட்டா, பிள்ளைய அனுப்பி வச்சிருவாகளாம்." கொஞ்சம் யோசித்தாள். "அம்புட்டுத்தானாங்க. அன்னைக்குக் கொழாயடியில வச்சே நான் வாங்கியிருக்கலாம்."

இவளைப் பேச வைக்கத்தான் கூட்டி வந்தான். இந்தப் பேச்சுக்காக அல்ல.

"எந்திரி. இப்பவே கெளம்புதோம்."

அவள் மறுக்கவில்லை. அது அவனுக்குத் தெம்பாக இருந்தது. வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். மணி நாலு இருக்கும். வெயில் இன்னும் தண்ணீரில் கிடந்தது. சமுத்திரம் ஏற்கெனவே பரிசலை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"இங்க பாரு," என்றான் அவள் காதருகே. "கெளம்பும்போது வாயத் தொறக்காத. போறேன்னும் சொல்லாத, வாரேன்னும் சொல்லாத. பேசாம வந்து ஏறு."

"சரிங்க. பை உள்ள இருக்கு. எடுத்துட்டு வாரேன்."

"பை கெடக்கட்டும்."

"செத்த நேரம். இந்தா வாரேன்."

வாரேன் என்றுதானே சொன்னாள். அந்தச் சொல்லை நம்பிக் கையை விட்டான்.

பரிசலுக்குள் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கொடியைப் பார்த்தான். சேலையைக் காணோம். சொட்டுச் சத்தமும் நின்றிருந்தது. படியில் காலடி. அவள்தான். அந்த ஈரச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் ஏறி, அவனுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். பழைய சேலை மேல் ஆசை போல, போகட்டும் என்று விட்டுவிட்டான். பேசவில்லையே, அது போதும். சமுத்திரம் துடுப்பைப் போட்டார்.

தண்ணீர் நகர்ந்தது. தனுஷ்கோடி மூச்சு விட்டான். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். மெல்ல மெல்லப் பேசுவாள். பேசினால் போதும்.

பரிசல் நேராகப் போகிற சாமான் இல்லை. சுற்றிச் சுற்றித்தான் போகும். ஒரு சுற்றில் எதிர்க்கரை தெரிந்தது. அடுத்ததில் மலை. அப்புறம் கரடு.

கரட்டில் வீட்டு வாசல். வாசலில் ஒருத்தி.

வெள்ளத்தாய்.

காலையில் கட்டி வந்த அதே பச்சைச் சேலை. கையில் பை. நெற்றியில் வெயில் படாமல் ஒரு கையை வைத்துக்கொண்டு பரிசலையே பார்த்தாள்.

"போறேங்க" என்றாள்.

தண்ணீர் மேல் அந்தச் சொல் தெளிவாக வந்தது. அவன் காத்திருந்தான். இன்னொரு சொல் வரும். வர வேண்டும். வரவில்லை.

"அண்ணாச்சி, திருப்புங்க."

சமுத்திரம் திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லிட்டாக, தம்பி. இனித் திருப்பி என்ன செய்ய?"

பரிசல் சுழன்றது. கரை. மலை. மறுபடி கரடு. வாசலில் இப்போது இரண்டு பேர்.

மறுபடி கரை.

அவன் முன்னால் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்தான். சேலை பெரியதாக இருந்தது. உள்ளே இருந்தது சின்னதாக. எப்படி இவ்வளவு நேரம் தெரியாமல் போனது? ஐந்து மாதமாகக் கேட்காத சாமியில்லை. இந்தப் பிள்ளையைத்தான் கேட்டான். இப்போது அந்த முந்தானையை விலக்கக் கை நீளவில்லை. விரல்கள் பரிசல் விளிம்பை விட மறுத்தன.

சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது. தண்ணீர் குடித்த குரல்.

"போயிட்டு வந்துட்டேம்ப்பா."

அரக்குச் சேலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டுக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள். ஒன்று வெறுங்கால். இன்னொன்றில் ரப்பர் செருப்பு. அதன் வாரில், துருப்பிடித்து, அவன் குத்திக் கொடுத்த ஊக்கு.