பூரணத்தின் நுளம்புகள்

பூரணத்தின் கையில் இரத்தம் குடித்து முடித்த நுளம்புகள் அன்று நிழல் தேடிப் போகவில்லை. வயிறு சிவந்ததும் கூட்டின் இருண்ட மூலையில் சோம்பித் தொங்குகிறவை, நானூறும் ஒன்றாய்க் கிளம்பி, மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும் மேற்குப் பக்க வலையில் போய் அப்பிக்கொண்டன.

அந்த மலேரியா ஆய்வுகூடத்தில் முன்பு நான்கு பேர் முறை வைத்து, நுளம்புகள் குடிக்கக் கூட்டுக்குள் கை நீட்டினார்கள். தொண்ணூறில் சண்டை தொடங்க, மூன்று பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பூரணம் மட்டும் மிஞ்சினாள். ‘நுளம்புக்காரி’ என்று ஒழுங்கைச் சனத்தின் பகிடி வேறு. பிள்ளை வயிற்றில் இருந்த காலத்திலும் அவள் கையை நீட்டாமல் விட்டதில்லை. ஒரு வருடமாய் அந்தக் கூட்டுக்குள் பிறந்த நுளம்பெல்லாம் அறிந்தது அவளுடைய இரத்தம் ஒன்றைத்தான்.

கூலி, மாதம் ஒரு பேணி பால்மா. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. நாலு மாதப் பிள்ளைக்கு அந்தப் பேணிதான் உயிர். பொருளாதாரத் தடையில் இந்த மாதப் பேணி வரவில்லை. மூன்று நாளாய் வெறும் கஞ்சித் தண்ணீர். பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிப்போயிற்று.

“டொக்டர், உதுகளை ஒருக்காப் பாருங்கோ.”

டொக்டர் நீக்கிலாப்பிள்ளை கூட்டைத் திருப்பி வைத்தார். நுளம்புகள் எழுந்தன. மறுபடி மேற்கு. இன்னொரு தரம் திருப்பினார். மேற்கு. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“பூரணம், இது புதுக் கண்டுபிடிப்பு! கப்பல் வந்தால் கொழும்புக்கு எழுதி அனுப்பலாம். மேற்கை என்ன இருக்கு?”

மேற்கில் நெசவுசாலை. அதற்கப்பால் ஒரு பனங்காணி. அதற்கும் அப்பால் அவளுடைய வீடு, ஏணைக்குள் பிள்ளை. டொக்டரின் கை கூட்டின் வாய்த்துணிக்குப் போயிற்று.

“திறக்காதேங்கோ, டொக்டர்!”

“பயப்பிடாதை, நோயில்லாத நுளம்புகள்தானே. ஒண்டு ரண்டை விட்டுப் பாப்பம்.”

கூட்டின் வாய்த்துணியை அவிழ்த்தார். ஒன்றிரண்டா போயிற்று? பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எல்லாமே போயின. சன்னலைத் தாண்டி, மதிலைத் தாண்டி, மெல்லிய கறுப்புப் புகையாய். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் நேரம் எழுதினார்.

பூரணம் ஓடினாள். நெசவுசாலை. பனங்காணி. வேலிப் பொட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். செருப்பு எங்கேயோ கழன்றது. காதுக்குள் ரீங்காரம். முன்னாலா? பின்னாலா?

முற்றத்தில் அவள் புருசன் பஞ்சலிங்கம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

“ஏனப்பா உப்பிடி ஓடி வாறாய்? பிள்ளை இப்பதான் அழுறதை நிப்பாட்டினது.”

நிறுத்திவிட்டது.

அறைக்குள் இருட்டு. வெள்ளைச் சேலையில் கட்டிய ஏணை கறுத்துக் கிடந்தது. அசைந்தது. சேலையை விலக்கினாள்.

கன்னத்தில் கடியில்லை. காலில் கடியில்லை. பிள்ளை வாயைத் திறந்து வைத்திருந்தது. நுளம்புகள் ஒவ்வொன்றாய் உதட்டில் வந்து இறங்கின. வரும்போது சிவந்த வயிறு. போகும்போது வெறும் வயிறு. பிள்ளை சப்புக்கொட்டி விழுங்கியது.

தாயைக் கண்டதும், சிவந்த ஈறு தெரியச் சிரித்தது.

பிறகு அவளுடைய கையைப் பார்த்தது. வாயை இன்னும் அகலத் திறந்தது.