பாதிப் பங்கு

புதிதாக வாங்கிய காலணிகளில் இடது காலணி மட்டும் நனைந்திருந்தது.

எட்ஸே அதை எடுத்துச் சமையலறை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தார். ஒருமுறைகூட அணியப்படாத அதன் உட்புறத்திலிருந்து சில துளிகள் தரையில் சொட்டின. பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே வெகுநேரம் நின்று வந்தவரின் பாதத்தில் வீசுவதைப் போன்ற, குளிர்ந்த, சற்றே இனிப்பான வாடை எழுந்தது. வலது காலணியோ, கடையில் திணித்த காகிதம்கூட எடுக்கப்படாமல், உலர்ந்து கிடந்தது. ஹோஹோய் நகரில் அந்த வாரம் மழையே இல்லை. கூரை எங்கேனும் ஒழுகியிருக்கக்கூடும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைச் சன்னலோரத்தில் காயவைத்தார்.

மறுநாள் விடுமுறை. மகள் யாய்ராவைக் காட்டருவிக்கு அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேனுக்குச் சொந்தக்காரரான நண்பர் செனியோ, பயணத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போக அந்தி நேரத்தில் வந்து சேர்ந்தார்.

"வாத்தியாரே, விடியறப்போ வாசல்ல நிப்பேன். நீ தூங்கிட்டேன்னு வை, ஹாரன் அடிச்சுத் தெருவையே எழுப்பிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நீ என்னைக்குப்பா சொன்ன நேரத்துக்கு வந்திருக்க?"

"சரி சரி. போற வழியில ஓடை குறுக்க குறுக்க வரும். பிள்ளைய நீதான் தூக்கணும், என் முதுகு எப்பவோ போச்சு."

"ஏன், வண்டியத் தூக்கிட்டா ஓட்டுற?"

செனியோ சிரித்தார். "வீட்டுல மீன் பொரிச்சுத் தரேன்னா. எத்தனை பேரு?"

"நீ, நான், யாய்ரா. மூணு பேருதான்."

"ரெட்டையில பொறந்தவன் நீ. உனக்கு ரெண்டு மீனா வைக்கச் சொல்றேன்."

"ஒண்ணு போதும்."

உள்ளறைக் கட்டிலின் அடியிலிருந்து, விரல் முட்டியால் தகரத்தைத் தட்டியது போல ஒரு சிற்றொலி வந்தது. செனியோவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டிலின் அடியில் அம்மாவின் தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அட்சு இருந்தார். எட்ஸேயோடு இரட்டையாய், முதலில் பிறந்தவர் அவர். பால்குடி மறக்கும் முன்பே இறந்துபோனவர். இறந்த இரட்டையை மரத்தில் செதுக்கி வைத்து, இருக்கும் இரட்டைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். எட்ஸேவுக்குச் சட்டை தைத்தால் கைக்குட்டை அளவில் அட்சுவுக்கும் ஒன்று தைப்பார் அம்மா. பழம் நறுக்கினால், "அட்சு, இந்த மாம்பழத்துல பாதி உனக்கு" என்பார். பயணம் என்றால், "தம்பி கிளம்புறான், நீயும் கூடப் போ" என்பார். பொருளின் பெயரைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் பங்கு கொடுத்ததில்லை. அம்மாவின் அடக்கத்திற்குப் பிறகு பெட்டி இங்கே வந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் மனைவி எசினம் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் எட்ஸே அதைத் திறக்கவேயில்லை. எசினம் பயிற்சிக்காக ஹோ நகருக்குப் போயிருக்கும் இந்த நாட்களிலும் அதைத் திறக்கத் தோன்றவில்லை.

செனியோ விடைபெற்றுச் சென்றதும் மின்சாரம் நின்றது. மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு எட்ஸே பையில் பொருள்களை அடுக்க முனைந்தார். மாலையில் முழுதாக வாங்கி வைத்த கென்கி என்னும் சோளமாவு உருண்டை, அதன் சோளச் சருகு உறையோடு சேர்த்து, நூல் கொண்டு அறுத்தது போல் நேர் பாதியாக இருந்தது. அவித்த முட்டையும் அப்படியே. மஞ்சள் கரு மெழுகொளியில் ஈரமாய் மினுங்கிற்று. சோப்புக் கட்டி பாதி. துண்டு பாதி, ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிசிறாமல். எலி இப்படி அறுக்காது. திருடனும் இப்படி அறுக்கமாட்டான்.

சன்னலோரம் திரும்பினார். இடது காலணி அங்கே இல்லை.

ஈரமான ஒற்றைக் காலின் தடங்கள், இடது காலின் தடங்கள் மட்டும், சிமெந்துத் தரையில் யாய்ராவின் அறை வரை சென்றிருந்தன.

அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"அப்பா, இன்னும் சொல்லுங்க."

"எதைச் சொல்ல?"

"அருவியப் பத்தித்தான். இப்ப உக்காந்து சொன்னீங்களே, தண்ணிக்குப் பின்னால ஒரு வீடு இருக்குன்னு." அவள் கொட்டாவி விட்டாள். "கால் ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருந்துச்சு உங்களுக்கு?"

கட்டிலின் விளிம்பில் விரிப்பு ஈரமாக இருந்தது.

"நாளைக்குப் போகலம்மா. அப்பா வேற ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்கதானே இப்போ கண்டிப்பாப் போறோம்னு சொன்னீங்க. மாத்தி மாத்திப் பேசுறீங்க."

செனியோவை அழைத்தார். கைபேசி ஒருமுறை ஒலித்து அணைந்துபோனது. உள்ளறையில் தகரம் தட்டப்பட்டது. மீண்டும். மீண்டும், பொறுமையாக, மரியாதையாகக்கூட.

எட்ஸே மண்டியிட்டுப் பெட்டியை இழுத்தார். மூடி சில்லென்றிருந்தது. திறக்கத் துணிவில்லை. வலது காலணியை அதன்முன் வைத்தார். மீதமிருந்த கென்கியை வைத்தார். அம்மாவின் சொற்களை நினைவுகூர முயன்றார், அவசரத்தில் எதுவும் முழுதாக வரவில்லை.

"அட்சு. மன்னிச்சிடு. உன்னைச் சேக்காம எண்ணிட்டேன். என்கிட்ட இருக்கிறதுல எல்லாத்துலயும் பாதி உனக்கு. எல்லாத்துலயும்."

தட்டல் நின்றது.

வீடு முழுவதும் அமைதி. எங்கோ தொலைவில் நீர் விழும் ஓசை, அவ்வளவுதான். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அதன் பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பொருளின் பெயரைச் சொல்லவில்லை.

எல்லாத்துலயும், என்று சொல்லியிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு மகள்.

"இல்ல. அவ இல்ல. அட்சு, அவள நான் சொல்லல." மூடியைத் திறந்தார். மரத்தில் செதுக்கிய உருவம் இல்லை, அதைச் சுற்றியிருந்த துணி மட்டும். சொட்டச் சொட்ட நனைந்த துணி.

நாற்காலியை இழுத்து மகளின் அறைவாசலை மறித்துப் போட்டு அமர்ந்தார். வலது காலணியை மடியில் பற்றிக்கொண்டார். தூங்கக் கூடாது. மெழுகு உருகியது. அவள் மூச்சுவிடுவது கேட்டது. கேட்டது. தூங்கக் கூடாது.

ஹாரன் ஒலி.

திடுக்கிட்டு எழுந்தார். சாம்பல் நிற வெளிச்சம். உள்ளே பார்த்தார். போர்வை மேடிட்டிருந்தது, மெல்ல ஏறி இறங்கியது. இருக்கிறாள். ஆண்டவரே, இருக்கிறாள். செனியோவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வாசலுக்கு ஓடினார்.

வேன் ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது.

"வாத்தியாரே, பின்கதவ நல்லாச் சாத்து," என்றது செனியோவின் குரல். "இன்னைக்கு அதிசயமா எனக்கு முன்னாடியே வந்து நிக்கிற."

"சாத்திட்டேன். நீ ஓட்டு."

அது எட்ஸேயின் குரல்.

பின்னிருக்கையில் அவருடைய சட்டையில், அவருடைய முகத்தோடு, அவர் அமர்ந்திருந்தார். மடியில் யாய்ரா. சன்னலோரம் அவளுடைய இடது கன்னம் தெரிந்தது, இடது கண், இடது காதின் சிறு தோடு. இடது கை உயர்ந்து அசைந்தது. அதற்கு அப்பால், மற்றப் பாதி இருக்க வேண்டிய இடத்தில், எதிர்ப்புறச் சன்னலின் வெளுத்த வானம் தெரிந்தது.

வேன் மூடுபனிக்குள் திரும்பி மறைந்தது.

கத்த வாய் திறந்தார். அப்போது அவருக்குப் பின்னால், மகளின் அறைக்குள், கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பினார். போர்வைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய வலது கை வெளியே வந்து, அவர் இருக்கும் திசையைத் துழாவியது.

"அப்," என்றது அது. "அப்."