முத்திரையோடு வந்த குரல்

நிலவின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பில், மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் சட்டைப் பொத்தானைத் தட்டி, பூமியிலிருந்து வந்த குரல்களைக் கேட்பது வழக்கம். பாறை துளைக்கும் சுடலைமணியின் புதுப் பொத்தான் மட்டும் பத்து நாளாக ஒரே பல்லவி பாடியது: “அந்தரங்கச் செய்தி. வந்த வழி பாதுகாப்பற்றது. தர இயலாது.”

மனைவி பேச்சியம்மாளை இங்கேயே வந்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். அவளோ ஒவ்வொரு பதிலையும் அந்தரங்கமாகவே அனுப்பினாள். கப்பலில் அவளுக்குப் பிடித்துவைத்த இருக்கையை இன்று மாலைக்குள் உறுதி செய்தாக வேண்டும்.

“பிள்ள, அவ வாராளா மாட்டாளான்னு மட்டும் எட்டிப் பாத்துச் சொல்லேன்.”

“கேக்க எனக்கு உரிமை கிடையாது அண்ணாச்சி. வந்த வழியத்தான் பாக்க முடியும்” என்றாள், வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று பொத்தானைப் பழுதுபார்க்க வாங்கிய ஜெபராணி.

மாலை வகுப்பில் பழுதுபார்ப்பு படிக்கும் அவளுக்குத் தன் அறிவின்மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தாள். பூமியிலிருந்து குடியிருப்பின் வாயிற்காப்பான் இயந்திரம் வரை குரல் முத்திரையோடுதான் வந்திருந்தது. அந்த இயந்திரம் முத்திரையை உடைத்து, ‘பத்திரமாக வந்தது’ என்று ஒரு சீட்டை ஒட்டி, குமிழுக்குள் வெறுங்குரலாக அனுப்பியது. புதுப் பொத்தானோ சீட்டைப் படிக்கவில்லை. கடைசி இருபது அடியை மட்டும் பார்த்து, வழி முழுக்கத் திறந்து கிடப்பதாக முடிவு கட்டியிருந்தது.

சீட்டை நம்பச் சொன்னால் போதுமா? யார் வேண்டுமானாலும் சீட்டு ஒட்டலாமே. வாயிற்காப்பான் கையால் வந்த சீட்டை மட்டும் நம்பு என்று விதி எழுதினாள். பொய்ச் சீட்டு ஒன்றைத் தானே ஒட்டி அனுப்பினாள். பொத்தான் மறுத்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் அனுப்பினாள். மறுத்தது. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

“வழி பாதுகாப்பானது. செய்தி தரலாமா?” என்றது பொத்தான்.

அவள் நாகரிகமாக விலகப் போனாள்.

“எங்க போற? எனக்குக் காது மந்தம், நீயும் கேளு” என்று சுடலைமணி ஒலியை முழுக்கத் திருகினார். அறுபது பேர் நின்ற வரிசை காதைத் தீட்டிக்கொண்டது.

“ஏங்க, பக்கத்துல யாரும் இல்லயே? வெக்கமா இருக்கு, ஒங்க காதோட சொல்லுதேன். நீங்க இல்லாம ஒரு வாய் சோறு எறங்கல. வாரேன். அந்தக் கொறட்டய மட்டும் கொறச்சுக்கிடுங்க.”

வரிசை சிரிப்பில் குலுங்கியது. சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்கான விசையை அழுத்தியபடி திரும்பினார்.

“என்னய்யா சொல்லட்டும்?”

“வரச் சொல்லுங்க அண்ணாச்சி!”

அறுபது குரல்களையும் பொத்தான் கவனமாக முத்திரையிட்டு, ‘அந்தரங்கம்’ என்று குறித்து அனுப்பிவைத்தது.