இடது முன் வீல்

"ஐயோ... தம்பீ... தண்ணி...!"

கோகிலாவுக்கு உயிர் இருந்தது. அதுதான் நிரோஷனுக்குப் பிரச்சினை.

ஃபோனைப் பார்த்துக்கொண்டே ரப்பர்த் தோட்டத்து கெப் வண்டியை ஓட்டி வந்தவன், வளைவில் அவளை இடித்துவிட்டான். அவள் சுமந்து வந்த வாளி கவிழ்ந்து ரப்பர் பால் ரோடெல்லாம் ஓடியது.

பிழைத்தால் பெயரைச் சொல்வாள். வேலை போகும். லைசன்ஸ் போகும்.

றிவர்ஸ் போட்டான்... திரும்பவும் முன்னால் விட்டான்!

சத்தம் நின்றது.

உடலைப் பாறைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, பீலித் தண்ணீரில் கெப்பைக் கழுவினான். பளபளவென்று கழுவினான். பெரிய கெட்டிக்காரன்!

மறுநாள் உடல் கிடைத்தது. எஸ்.ஐ. றம்ஸான், கோகிலாவின் புருஷன் நல்லையாவின் சட்டையைப் பிடித்தார். முந்தின ராத்திரி புருஷன் பெண்டாட்டி சண்டை லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்டிருந்தது.

"பாறையில இருந்து தள்ளிட்டியா? அவ கால் மிஞ்சி ஒண்ணக் காணோமே, எங்கய்யா வித்த?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சேர்...!"

நல்லையா ஜீப்பில் ஏற்றப்பட்டான். கூட்டத்தில் நின்று நிரோஷன் உச்சுக் கொட்டினான். பாவி!

ஒரே ஒரு தொல்லை. நேற்றிலிருந்து கெப்பின் ஸ்டீரிங் கிடுகிடுவென்று ஆடியது. தோட்டத்துத் தொரை கத்தினார். யட்டியாந்தோட்டை பஜாரில் மெக்கானிக் செபஸ்ரியன் பாஸின் கராஜுக்கு விட்டான்.

"எத்தனை ஸ்பீட்ல ஆடுது தம்பி?"

"அம்பதுக்கு மேல, பாஸ்."

"பிரேக் அடிச்சா கூடுதா?"

"இல்லீங்க."

"அப்ப டிஸ்க் இல்ல. ஸ்டீரிங் ஆடுனா முன் வீல், சீட் ஆடுனா பின் வீல். இது இடது முன்னாடி போல. சரி... நீங்க போய் ப்ளேன்டீ குடிச்சிட்டு வாங்க."

குடித்துவிட்டு வந்தான். நாலு வீலும் மாட்டியிருந்தது. பாஸின் முகம்தான் சரியில்லை.

"தம்பி... வீலுக்குள்ள ரப்பர் பால் உறைஞ்சி கட்டியா ஒட்டியிருக்கு. ஒரு பக்கம் பாரம். அதான் ஆடுது."

"அதுக்கென்ன? சுரண்டி எடுங்க!"

"கொஞ்சம் சுரண்டினேன்ப்பா... பொம்பள முடி வருதே!"

நிரோஷன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா, பாஸ்?"

"இன்னும் இல்ல. நல்லையா பாவம், சும்மா உள்ள கெடக்கான். வாங்க, நாமளே போய்ச் சொல்லிருவோம்."

நல்ல மனுஷன். சட்டையை எடுக்கத் திரும்பினார்...

வீல் ஸ்பேனர்! ஒரே அடி!

உடலைக் கராஜ் குழிக்குள் தள்ளித் தார்ப்பாய்ப் படங்கால் மூடினான். இடது முன் வீலைக் கழற்றினான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பெயார் வீலை மாட்டிவிட்டு, கழற்றியதைக் கொண்டுபோய்க் களனி கங்கை ஆற்றில் வீசினான்.

ஃபோன் அலறியது!

"றம்ஸான் பேசுறேன். தோட்டத்து கெப் ஒங்ககிட்டதானே? கோகிலாவோட பொடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஒடனே வாங்க."

பின்னால் பாயில் சுருட்டிய கோகிலா. பக்கத்தில் றம்ஸான்.

மெயின் ரோடு. நாற்பது... ஐம்பது... அறுபது...

ஸ்டீரிங் ஆடவில்லை! நிரோஷனுக்கு விசிலே வந்துவிட்டது.

அப்புறம்...

சீட் ஆடியது!

நிரோஷனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் ப்ளேன்டீ குடித்த நேரத்தில், சோதித்துப் பார்க்க செபஸ்ரியன் பாஸ் முன் வீலைப் பின்னாலும் பின் வீலை முன்னாலும் மாற்றிப் போட்டிருக்கிறார்! கங்கையில் போனது ஒரு பாவமும் அறியாத வீல்!

"நிப்பாட்டுங்க," என்றார் றம்ஸான். "எங்க வாப்பா வரக்காப்பொலையில டயர் கடை வெச்சிருந்தவர். ஒங்க பின் வீல்ல என்னமோ ஒட்டியிருக்கு."

"சே... சேறுங்க சேர்!"

றம்ஸான் இறங்கிக் குனிந்தார். பேனாக்கத்தியால் நெம்பினார். வெள்ளைக் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதன் நடுவில் ஒரு மிஞ்சி!

அவர் பாயைப் பார்த்தார். நிரோஷனைப் பார்த்தார். விலங்கை எடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. எங்க ஜீப்புல ஸ்டீரிங்கும் ஆடாது, சீட்டும் ஆடாது... ஆடப் போறது நீங்க மட்டுந்தான்!"