அடைபடும் இடுக்குகள்

கல் இடுக்குகளில் இருந்த பழைய சிமெண்டை முந்தின நாள் முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தார் கொத்தனார். சிமெண்ட் அடைத்துக்கொண்டதால்தான் அந்தப் பழைய வீட்டுச் சுவர் மூச்சுவிட முடியாமல் ஓதம் கோத்து நின்றது. இடுக்கெல்லாம் திறந்து கிடந்து காய்ந்த பிறகே சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். காலையில் வந்து பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே இடுக்குகள் அடைபட்டிருந்தன. தொட்டார். ஈரம் காயாத பச்சைச் சாந்து. அதுவும் அவர் கைக்கே வராத நேர்த்தி.

சந்தேகம், தன்னோடு வேலை செய்யும் தங்கை புருஷன்மேல்தான் போனது. சாவி அவரிடம்தான் இருக்கிறது. சீக்கிரம் பூசி முடித்துவிட்டுப் போகலாம் என்று நேற்றே முணுமுணுத்தார். ஆனாலும் மாப்பிள்ளையாயிற்றே, சட்டென்று கேட்டுவிட முடியுமா?

"மாப்பிள்ளை, நேத்து சாயங்காலம் திரும்ப வந்தீங்களா?"

"நான் எதுக்கு மச்சான் வரப்போறேன்?"

"இல்ல, யாரோ பூசியிருக்காங்க."

"இவ்வளவு நேராவா? நான் பூசினா பாம்பு நெளிஞ்ச மாதிரில்ல இருக்கும்!"

சிரித்தார். அந்தச் சிரிப்பு கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை.

அவரை வெளிப்பக்கச் சுவரைச் சுரண்ட அனுப்பிவிட்டு, அடைபட்டதைக் கொத்துக்கரண்டியால் மறுபடி தோண்டினார். வெளியே மழை இருட்டு. அறைக்குள் ஊறிய மண்ணும் மக்கிய துணியும் கலந்த வாடை மூக்கில் ஏற, சுவருக்குள்ளிருந்து, சட்டியில் சாந்து குழைப்பதுபோல் சளக் சளக்கென்று நிதானமாக ஒரு சத்தம் வந்தபடி இருந்தது. பிறகு, இடுக்கின் ஆழத்திலிருந்து வெள்ளையாய்ச் சாந்து பிதுங்கி வந்தது.

கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக, கையும் களவுமாக!

"மாப்பிள்ளை! அந்தப் பக்கத்திலிருந்து தள்றீங்களா? என்ன விளையாட்டு இது?"

"என்ன மச்சான்?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாசற்படியில் நனைந்து நின்றார் மாப்பிள்ளை.

"மழை பிடிச்சதுமே உள்ள வந்துட்டேனே. சாந்து இன்னும் கலக்கவே இல்லியே."

சத்தம் நின்றது.

பிதுங்கிய சாந்து அசைந்தது. அதன் நடுவே ஒரு விரல் நுனி. சுண்ணாம்பில் ஊறி வெளுத்து, நகம் கரைந்துபோன விரல். உள்ளிருந்தபடியே அது சாந்தை வழித்தது. தடவியது. சமப்படுத்தியது. பழகிய கை. ஓர் இடுக்கு. அடுத்தது.

கல்லில் ஊன்றியிருந்த கரண்டியைக் கொத்தனாரால் எடுக்க முடியவில்லை. அதன் முனையை விரல் தொட்டது. நின்றது. விளிம்போடு தடவிப் பார்த்தது.

பிறகு இன்னொரு விரலும் வெளியே வந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டது.