கடைசி அணிக்குப் பின்னால்

அந்த மரத்தில் ரிப்பன் இல்லை.

இருந்திருக்க வேண்டும். நூறு தப்படிக்கு ஒன்று என்று, ஆள் மார்பு உயரத்தில், விடிவதற்குள் கட்டி முடித்திருந்தார்கள். சாரணர் அணிகள் எல்லாம் கடந்துபோன பிறகு அந்த ஆரஞ்சுத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதுதான் அவருடைய வேலை. வருடாவருடம் நடக்கும் இந்த நெடுநடைப் போட்டியில் அந்த வேலைக்கு 'வால்' என்று பெயர். வாலுக்கு முன்னால் எல்லாரும் நடப்பார்கள். வாலுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். நினைப்பதற்கே அலுப்பாக இருந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இரவு ஷிஃப்ட் முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்தவர். முப்பது கிலோமீட்டர் ஆகிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கே இறங்கிவிட்ட மூடுபனி மரங்களின் இடுப்புக்கு மேல் எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கோ மேலேயிருந்து இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன, ஊறிய சருகின் புளித்த வாசனை மூக்கில் ஒட்டிக்கொண்டது, தேய்ந்த முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே எதையோ அரைப்பதுபோல் வலிக்க, இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் அவரால் ஏற முடிந்தது.

அடுத்த மரத்திலும் ரிப்பன் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

குனிந்து பார்த்தார். மரம் முழுக்க நனைந்து கறுத்திருந்தது. ரிப்பன் சுற்றியிருந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்து வெளிறிக் கிடந்தது. அவிழ்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வாக்கி-டாக்கியை எடுத்தார். கடைசிக் கண்காணிப்புக் கூடாரத்தில் ஊர்த் தபால்காரர் உட்கார்ந்திருந்தார், ஏழு வருடமாக அதே நாற்காலியில்.

“தபால்காரரே, வால் பேசறேன். இந்தப் பக்கம் ரிப்பனை யாராவது அவுத்தாங்களா?”

“உங்க வேலைய நாங்க எதுக்கு சார் செய்யணும்? சம்பளம் தர்ற மாதிரி கேக்கறீங்க.”

“சும்மா கேட்டேன். கடைசி அணி வந்துடுச்சா?”

“உங்க பொண்ணு அணிதானே? இன்னும் வரல. கீழே வளைவுல சத்தம் கேக்குது. கால் நொண்டுதாம், வாய் மட்டும் நொண்டல.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அந்நேரம் கூடாரத்தைத் தாண்டிப் போயிருப்பாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்.

அதற்காகத்தானே ஓடைக்கரையில் பாறைமேல் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். வால் தொட்டுவிட்டால் அந்த அணி போட்டியிலிருந்து வெளியே. இரண்டு வருடம் அப்படித்தான் போனது. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். காலையில் புறப்படும் இடத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “அப்பா, நீங்கதான் வாலாமே. எங்களப் பிடிச்சிடாதீங்கப்பா, ப்ளீஸ்.”

“அட வாண்டு, உன்னைப் பிடிக்கணும்னா நான் ஓடணும். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எங்க ஓட?”

வால் உட்காரக் கூடாது, கடைசி அணியின் பேச்சுச் சத்தம் காதில் விழும் தூரத்திலேயே வர வேண்டும் என்று விதிமுறைத் தாளில் இருந்தது. இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைக்காக நாற்பது நிமிடம். யாருக்கு என்ன நஷ்டம்?

பாதை சேறாகும் இடத்தில் தடங்களைப் பார்த்தார். நான்கு ஜோடிச் சின்ன ஷூக்கள், அதில் ஒன்று காலை இழுத்திருந்தது. அவற்றின்மேல், அவற்றை மிதித்துக்கொண்டு, ஐந்தாவதாக ஒரு பெரிய தடம். அது பாதையின் வழியாக வரவில்லை. வலப்பக்கத்துப் புதரிலிருந்து நேராக வந்து சேர்ந்திருந்தது. இடது குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது.

தன் பூட்ஸைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எந்த ஓரம் தேய்ந்திருக்கும் என்று தெரியும்.

“வாண்டு!” என்று கத்தினார். பனி அதை வாங்கிக்கொண்டது. வேகமாக நடந்தார். முழங்கால் கெஞ்சியது. தண்ணீர் சொட்டுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. காட்டில் இப்போது அவருடைய மூச்சு மட்டும்தான்.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

“சார், மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன். அணி அவுட்டுன்னு எழுத எனக்கு மட்டும் ஆசையா? நீங்களே பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா நான் என்ன பண்ண?”

“யாரு கூட்டிட்டு வந்தா?”

“என்ன சார் விளையாடறீங்க? நீங்கதான். ரிப்பன் பையைக்கூட என் மேஜைமேல வெச்சீங்க. டீ நீட்டினா வாங்கல, ஒரு வார்த்தை பேசல. கோவம்னு நினைச்சேன்.”

பை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ளைங்க எங்க?”

“மூணு பேர் இங்கதான், வண்டிக்குக் காத்திருக்காங்க. உங்க பொண்ணுக்குத்தான் நடக்க முடியல, நீங்க தோள்ல தூக்கிட்டீங்க. பாதைய விட்டு மேல ஏறறீங்களேன்னு கத்தினேன். குறுக்கு வழியாக்கும்னு...” பேச்சு நின்றது. பிறகு, மிகவும் தணிந்த குரலில்: “அப்போ இது யாரு?”

“நான்தான். தபால்காரரே, நான்தான்...”

தபால்காரர் கருவியை அணைத்துவிட்டார்.

ஓடினார். கூடாரம் தெரிந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ ஜிப்பைச் சரக்கென்று இழுத்து மூடினார்கள். ஒரு பிள்ளை அழுதது. நிற்கவில்லை. மேலே. புல் மடங்கியிருந்த வழி. கையை ஊன்றி ஏறினார். கல் உருண்டது. வாயில் இரும்புச் சுவை.

சரிவின் உச்சியில் பனி சற்று விலகியது.

இருபது தப்படி தூரத்தில் முதுகு தெரிந்தது. அதே உயரம். அதே மழைச்சட்டை. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. அதன் தோளில் கன்னம் பதித்து அவள் கண்மூடியிருந்தாள், சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை தூங்கிக்கொண்டே வருவாளே, அப்படி.

“வாண்டு,” என்றார். “இங்க பாரும்மா. அப்பா இங்க இருக்கேன்.”

கண் திறந்தாள். அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. உதடுகள் அதன் காதோரம் போயின.

“அப்பா, பின்னால வந்துடுச்சு. உங்க குரல்லயே கூப்பிடுது. சீக்கிரம் போங்கப்பா.”

அது திரும்பவில்லை. அவளை இன்னும் சற்று மேலே தூக்கி வாகாக வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், பனிக்குள் ஏறியது. அவளுடைய இரண்டு கைகளும் அதன் கழுத்தை இறுக்கிக் கட்டியிருந்தன.